முனையடிக்குப் பூஜ்யம்

குரு என்றதும் தாடியும் கமண்டலமும் உங்கள் மனதில் வந்து உட்கார்ந்தால், அவற்றைச் சற்று நகர்த்தி வைத்துவிடுங்கள். கோரைமுனைக் குருவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் உலகம்மை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையின் மேல் ஓர் ஓட்டு வீடு, ஒரு பூவரச மரம், ஒரு பெரிய கஞ்சிப் பானை. ஆசிரமம் அவ்வளவுதான்.

கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவள் முதலில் கஞ்சி ஊற்றுவாள். பிறகு ஏதாவது வேலை கொடுப்பாள். வேலை முடிவதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வி மறந்துபோகும். மறக்காமல் திரும்பி வருகிறவர்களைத்தான் ஊர் சீடர்கள் என்று சொன்னது.

தாணுமாலயன் எதையும் மறக்காதவர். வயது ஐம்பத்தொன்பது. பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ‘கிளிஞ்சல் பொறுக்க நல்ல கடற்கரைகள்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். பக்கத்துக்கு ஒரு கடற்கரை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க்கு. ‘காலையில் கடல் வற்றும் நேரம் நல்லது. நாய் ஒன்று உண்டு, கடிக்காது. பத்துக்கு ஆறு’ என்பது போல எழுதியிருப்பார். முதல் பரிசு எதற்கு என்ற இடம் மட்டும் காலியாகவே கிடந்தது.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆவணியில் மகள் வடிவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் விஷயம் முற்றிப்போனது.

அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. மணமக்களுக்குப் பாலை டம்ளரில் கொடுக்க மாட்டார்கள். செவ்வரிச் சிப்பியில்தான் கொடுப்பார்கள். உள்ளங்கை அகலம் இருக்கும், வெள்ளையில் சிவப்பு வரிகள் ஓடும். ஒரு பாதியில் பெண் குடிப்பாள், மறுபாதியில் மாப்பிள்ளை. குடித்து முடித்ததும் இரண்டையும் சேர்த்து மூடி, சூரியனுக்கு நேரே பிடிப்பார்கள். விளிம்பில் எங்கேயும் வெளிச்சம் ஒழுகக் கூடாது. அப்புறம் மஞ்சள் கயிறு சுற்றி வாசல் நிலையில் கட்டிவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், செவ்வரிச் சிப்பி கிடப்பது நடுக்கடல் ஆழத்தில். உயிரோடு அதைப் பார்த்தவர் யாருமில்லை. கடல் ஒற்றைப் பாதிகளாகத்தான் கரையில் போடும். இணை சேர்ந்து கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காதவர்கள் வேறு வீட்டு நிலையிலிருந்து அவிழ்த்து இரவல் வாங்குவார்கள். அந்த இரவலைப் பற்றிப் பேரன் பேத்தி எடுக்கும்வரை சொந்தக்காரர்கள் பேசுவார்கள்.

நிச்சயத்தன்று தாம்பூலம் மாற்றியதும் தாணுமாலயன் தொண்டையைச் செருமினார்.

“சிப்பி எங்க வீட்டுல இருந்து வரும்.”

மாப்பிள்ளையின் அப்பா பரமார்த்தலிங்கம் தேங்காய் வியாபாரி. குரல் மட்டும் அரை ஊருக்குக் கேட்கும்.

“அதெப்படி சம்பந்தி? நாங்க கொண்டாருவோம். அதும் சொந்தச் சிப்பி.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேரும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“இரவல் சிப்பியில குடிச்சா பாலு திரிஞ்சா போகும்? விடுங்கப்பா,” என்றாள் வடிவு.

அவரால் விட முடியவில்லை. அவள் காதுகுத்துக்கு அவர் திருச்செந்தூர் வண்டிக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தார். அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது நாகர்கோவில் வண்டிக்கு. ஊரார் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் நேரத்துக்கு ஏற்றி அனுப்பியவர், தன் பிள்ளையின் எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. இந்த ஒன்றையாவது தன் கையால் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை முனை மேட்டுக்கு ஏறினார். கஞ்சி குடித்தார். கொடுத்த வேலையாக ஒரு குடம் புளிக்குக் கொட்டை எடுத்தார். கேள்வி மறக்கவில்லை.

“அம்மா, கிளிஞ்சல் பொறுக்க நல்ல கடற்கரை எது?”

“நீங்க எங்கன பொறுக்குதிய அண்ணாச்சி?”

கிளிஞ்சல்காரர்கள் இந்தக் கேள்விக்கு உண்மை சொன்னதாக வரலாறு கிடையாது. அவர் தெற்குக் குடாவில் பொறுக்குபவர். முனைக்குத் தெற்கே பிறைபோல வளைந்து கிடக்கும் அந்தக் கரைக்கு நோட்டில் ஒன்பது மார்க்கு கொடுத்திருந்தார்.

“உப்பளத்துக்குப் பின்னால இருக்கே, அந்தச் சேத்துக் கரையில.”

உலகம்மை தலையாட்டினாள்.

“நல்ல கடற்கரை பாளையங்கோட்டையில இருக்கு.”

“அங்க கடலே கிடையாதேம்மா!”

“நீங்க சொன்ன எடத்துல கிளிஞ்சலே கிடையாதே அண்ணாச்சி.”

அவர் கீழே இறங்கி வரும்போது காதுமடல் சூடாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை உண்மையோடு வந்தார். கூடவே ஒரு மஞ்சள் பையும் வந்தது. அதில் நாற்பத்து மூன்று செவ்வரிச் சிப்பிகள். எல்லாம் ஒற்றைப் பாதிகள். புதிதாக ஒன்று கிடைக்கும்போது அங்கேயே இணை பார்ப்பதற்காக, பையை எந்நேரமும் தோளில் மாட்டிக்கொண்டே திரிந்தார்.

“சத்தியம் பண்ணுங்கம்மா. நான் சொல்லுத எடத்தை வேற யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“சத்தியம்.”

“தெற்குக் குடா.”

“அதான் தெரியுமே. மேல இருந்து பாத்தா எல்லாந்தான் தெரியுது. நீங்க ஏன் பின்னால நடந்து போறிய? அது மட்டும் புரியல.”

அது தாணுமாலயனின் சொந்தக் கண்டுபிடிப்பு. ரோட்டிலிருந்து கரைக்கு இறங்கும்போது பின்பக்கமாக நடப்பார். திரும்பும்போது நேராக நடப்பார். மணலில் பார்க்கிறவனுக்கு எல்லாத் தடமும் கடலிலிருந்து ரோட்டுக்கு வருவதாகத்தான் தெரியும். குடாவுக்குள் யாரும் போகவே இல்லை என்று நினைத்துக்கொள்வான். போகாத ஆள் எப்படித் திரும்பி வந்தான் என்றும் அவன் யோசிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியதில்லை.

உலகம்மை மிளகாய் காய்கிற பாயைத் தட்டிவிட்டு, நாற்பத்து மூன்றையும் அதில் வரிசையாகக் கவிழ்த்தாள். மூட்டுப் பக்கம் ஒவ்வொரு சிப்பிக்கும் சின்ன மூக்கு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். வெகு நேரம் பார்த்தாள்.

“எல்லாம் ஒண்ணுபோல ஒரே பக்கம் பாக்குதே அண்ணாச்சி.”

அவருக்கு உச்சி குளிர்ந்தது. ஒழுங்கைக் கண்டு மதிக்கிற ஒரு மனுஷியாவது இந்த உலகத்தில் இருக்கிறாளே என்று நினைத்தார்.

“பொறுக்கி எடுத்ததும்மா. ஆனா இதுல ஒண்ணுக்கு ஒண்ணு சேர மாட்டேங்கு. நூறு தடவ மாத்தி மாத்தி வச்சுப் பாத்துட்டேன்.”

“சேராது,” என்றாள். “கொஞ்சம் தேங்கா துருவிக் கொடுங்க.”

அவர் துருவினார். பதில் அன்றைக்கு அவ்வளவுதான்.

இப்படியே ஐப்பசி போனது, கார்த்திகை போனது. மார்கழி முழுக்கத் தெற்குக் குடாவைச் சலித்தார். சிப்பி அறுபத்தொன்றானது. இணை ஒன்றுகூட அமையவில்லை. தை பிறந்து கல்யாணத்துக்கு நாலே நாள் இருந்தபோது, வீட்டில் மனைவி தன் அக்கா வீட்டு நிலையில் தொங்கும் சிப்பியைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தாள். தாணுமாலயன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு முனை மேட்டுக்கு ஓடினார்.

“அம்மா, இன்னைக்குக் கஞ்சி வேண்டாம். வேலையும் வேண்டாம். பதில் மட்டும் சொல்லுங்க.”

உலகம்மை அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நாளைக்கு விடியக்காலம் வடக்குக் குடாவுக்குப் போங்க.”

“வடக்கா!” அவர் நோட்டைப் பிரித்தார். “அது வெறும் குப்பைம்மா. ஒரு மத்தியானம் போய்ப் பாத்தேன். பத்துக்கு மூணுதான் போட்டிருக்கேன்.”

“எப்படிப் போவிய?”

“தெற்குக் குடா வழியா வந்து, முனையடியைச் சுத்தித்தான் போகணும்.” முனைக்கு அடியில், பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்தடி அகலத்துக்கு ஒரு மணல் வழி உண்டு. நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. “முனையடி. கிளிஞ்சல் இல்லை. வழிக்கு மட்டும் உதவும். பூஜ்யம்.”

“சரி. உங்க வழக்கப்படியே போங்க.”

“வழக்கப்படின்னா?”

“பின்னாலதான்.”

குருவின் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று அவர் கவனிக்கவில்லை. அவ்வளவு கவலை அவருக்கு.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் தாணுமாலயன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முனையடி மணலில் பின்பக்கமாக நடந்தார். அலை இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை. தன் தடங்களைப் பார்த்து, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சியபடி, பாறை திரும்புகிற இடத்தில் திரும்பினார்.

முதுகில் ஒரு மலை மோதியது.

இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கவிழ்ந்தார்கள். இரண்டு பைகள் பறந்தன. மணலெல்லாம் செவ்வரிச் சிப்பிகள் இறைந்தன.

“யாரு வே அது? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று கத்தினார் தாணுமாலயன்.

“உமக்கு எங்கன வே இருக்கு?” என்று அரை ஊருக்குக் கேட்கும் குரல் ஒன்று திருப்பிக் கத்தியது.

எழுந்து, மணலைத் தட்டி, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“சம்பந்தி!”

“சம்பந்தி!”

பரமார்த்தலிங்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“நான் சும்மா காத்து வாங்க வந்தேன்.”

“நானுந்தான்.”

“பின்னால நடந்தா காத்து வாங்குவாங்க?”

“முட்டுவலிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“எனக்கும் சொன்னாரு,” என்றார் பரமார்த்தலிங்கம். “அதே டாக்டராத்தான் இருக்கும்.”

இதற்குமேல் பொய் சொல்ல இரண்டு பேருக்கும் தெம்பில்லை. பார்வை கீழே போனது. அவரவர் சிப்பி மற்றவர் சிப்பியோடு கலந்து கிடந்தது. அவ்வளவுதான், மரியாதை மறுபடியும் காற்றில் போனது.

“கையை எடும் வே. அது என்னோடது.”

“உம்ம பேரா எழுதியிருக்கு? நாலு மாசமா வடக்குக் குடாவுல முதுகு ஒடியப் பொறுக்கினது.”

“என் சிப்பியை எனக்குத் தெரியாதா? என்னோடது எல்லாத்துக்கும் மூக்கு இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கும். குருவே பாத்துப் பாராட்டினாங்க.”

“எந்தக் குரு?”

“மேல இருக்காங்களே.”

“அவங்க என்னையுந்தான் பாராட்டினாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போறேன். இன்னைக்குத் தெற்குக் குடாவுக்குப் போகச் சொன்னதே அவங்கதான். என்னோடது எல்லாம் வலப்பக்கம் சாயும்.”

“அப்ப இடப்பக்கம் பூரா என்னோடது.”

“எடுத்துக்கிடும். வலப்பக்கம் பூரா என்னோடது.”

குனிந்து பிரிக்க ஆரம்பித்தார்கள். இடம் தெற்கே, வலம் வடக்கே. இரண்டு குவியல்களாகப் பிரிந்தன. இது யாருடையது என்று சந்தேகப்படும்படி ஒன்றே ஒன்றுகூட மிஞ்சவில்லை. இவ்வளவு சுலபமாகத் தீர்ந்த சண்டையை இரண்டு பேரும் பார்த்ததில்லை.

தாணுமாலயன் தன் குவியலைப் பார்த்தார். சம்பந்தியின் குவியலைப் பார்த்தார். கடல் இரண்டு பாதிகளையும் ஒரே கரையில் போடுவதில்லை. வளைவு மாறியிருப்பதால் அலை ஒன்றைத் தெற்கே தள்ளுகிறது, மற்றதை வடக்கே தள்ளுகிறது. ஐந்து மாதமாக அவர் இடக்கால் செருப்பை மட்டும் பொறுக்கிக்கொண்டு, ஜோடி ஏன் சேரவில்லை என்று அழுதிருக்கிறார்.

“லிங்கம் அண்ணாச்சி,” என்றார். “உங்கள்ல ஒண்ணு கொடுங்க.”

பரமார்த்தலிங்கத்துக்கும் அந்நேரம் விஷயம் உறைத்திருந்தது. ஒன்றை எடுத்து நீட்டினார். சேரவில்லை, அளவு பெரிது. இன்னொன்றை நீட்டினார். அதுவும் இல்லை. மணலில் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அலை வந்து வேட்டியை நனைத்தது, இருவரும் நகரவில்லை. முப்பதுக்கு மேல் பார்த்தபின் ஒன்று ‘டிக்’ என்று பூட்டியதுபோல மூடிக்கொண்டது. இந்தப் பாதியில் நின்ற சிவப்பு வரி அந்தப் பாதியில் தொடர்ந்து ஓடியது.

அப்போதுதான் சூரியன் கடலை விட்டு எழுந்திருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சிப்பியை அதற்கு நேரே தூக்கினார்கள். விளிம்பைச் சுற்றி ஒரு கண்ணால் பார்த்தார் தாணுமாலயன். மறு கண்ணால் பார்த்தார். எங்கேயும் வெளிச்சம் ஒழுகவில்லை.

அவருக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. பரமார்த்தலிங்கம் மூக்கை உறிஞ்சிவிட்டு, “உப்புக்காத்து,” என்றார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சிப்பியை இறக்கிய பிறகும் இரண்டு பேரும் அவரவர் பாதியை விடவில்லை.

“நான்தான் கொண்டாருவேன்னு சொல்லியாச்சு,” என்றார் ஒருவர்.

“நானுந்தான் சொல்லியாச்சு,” என்றார் மற்றவர்.

குருவிடமே கேட்டுவிடுவது என்று மேட்டில் ஏறினார்கள். இந்தத் தடவை நேராகத்தான் நடந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில். உலகம்மை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்களுக்கு முதல்லயே தெரியுமா?” என்றார் தாணுமாலயன்.

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“ரெண்டு பேரும் சத்தியம் வாங்கினியளே.”

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“சரிம்மா, இப்ப இதைச் சொல்லுங்க,” என்றார் பரமார்த்தலிங்கம். “இதை யாரு கொண்டுபோறது?”

“முதல்ல கஞ்சி குடிங்க. காலையில இருந்து வெறும் வயிறு.”

தட்டைத் தேடினார்கள். அவள் அகப்பையோடு எதிரே வந்து நின்றாள்.

“தட்டெல்லாம் ஊறப் போட்டிருக்கேன். கையில இருக்கதுல பிடிங்க.”

தாணுமாலயன் தன் பாதியை நீட்டினார். பரமார்த்தலிங்கம் தன் பாதியை நீட்டினார். அவள் ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றினாள். கல்யாண மாப்பிள்ளையும் பெண்ணும்போல எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு சம்பந்திகளும் சிப்பியில் கஞ்சி குடித்தார்கள். பாதி குடிக்கும்போதே பரமார்த்தலிங்கத்துக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தாணுமாலயன் அவர் தலையில் தட்டினார்.

“இப்பக் கேளுங்க,” என்றாள் உலகம்மை. “யாரு கொண்டுபோறதுன்னு கேட்டியளே.”

யாரும் கேட்கவில்லை.

“அப்படின்னா நல்லாக் கழுவி எடுத்துட்டுப் போங்க. பிள்ளைங்க குடிக்கணும்.”

கல்யாணத்தன்று தாணுமாலயன் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே மண்டபத்தில் இருந்தார். அவர் பாதியை அவர் நீட்டினார், லிங்கம் பாதியை லிங்கம் நீட்டினார். வடிவு பால் குடித்துவிட்டு, சிப்பிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள். இரவல் பற்றிய பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. “சிப்பி எந்த வீட்டு வரவு?” என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, இரண்டு பேரும் ஒரே மூச்சில் “எங்க வீட்டு வரவு,” என்றார்கள். சிப்பி விஷயத்தில் அவர்கள் இரண்டு பேரும் பொய் சொல்லாத முதல் நாள் அதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சம்பந்திகள் சேர்ந்தே மேட்டுக்கு வந்தார்கள். தாணுமாலயன் கஞ்சி குடித்தார், புளிக்குக் கொட்டை எடுத்தார். பிறகு நோட்டை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தார். சொன்னேனே, எதையும் மறக்காதவர்.

“அம்மா, முதல் இடம் இன்னும் காலியாத்தான் கிடக்கு. தெற்குன்னா லிங்கம் அண்ணாச்சிக்குக் கோபம் வரும். வடக்குன்னா எனக்கு மனசு வராது. நீங்களே சொல்லுங்க. கிளிஞ்சல் பொறுக்க நல்ல கடற்கரை எது?”

“முதுகுவலி போயிட்டா அண்ணாச்சி?”

“இல்லம்மா. குனிஞ்சா இன்னும் லேசா வலிக்கு.”

“எந்த எடத்துல இடிச்சிய?”

“முனையடியில.” அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டினார். “ஆனா அங்க ஒரு கிளிஞ்சல்கூடக் கிடையாதேம்மா. பூஜ்யந்தானே போட்டிருக்கேன்.”

“அடிச்சிட்டுப் பத்துன்னு எழுதுங்க,” என்றாள் உலகம்மை.